குறைந்தது ஒன்று

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு
ஸ்கீமாவை அழிக்கச் சொன்னார்கள்.
இரண்டாயிரத்து அறுநூறு வரி.
பாதிக்கு மேல் நான் எழுதியது.

கொம்பனித்தெருவில் ஒன்பதாம் மாடி.
கண்ணாடிக்கு வெளியே, வடக்கே, துறைமுகம்:
பெட்டிமேல் பெட்டி, அதன்மேல் பெட்டி,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் இலக்கம்.
எது எதன்மேல் இருக்கலாம் என்று
எங்கள் மென்பொருள் சொல்கிறது.
மென்பொருளைப் பற்றி நான் சொல்கிறேன்,
கையேட்டில், சம்பளத்துக்கு.

ஸ்கீமா என்றால் என்ன என்று
மச்சாள் ஒருமுறை கேட்டாள்.
வாசற்காவலாளி என்றேன்,
லஞ்சம் வாங்காதவன்.
"கையை எடு" என்று முதலில் எழுதாமல்
"பொத்தானை அழுத்து" என்று எழுதினால்
வரி 214, பிழை.
கையேடு பிறக்காது, அவ்வளவுதான்.
கோபிக்கவும் ஆள் இல்லை.

எல்லோரும் வெறுத்தார்கள். நானும்தான்.
ஒரு மூடும் குறி மறந்ததற்காக
வெள்ளவத்தைக்குக் கடைசி ரயிலை
எத்தனை தரம் விட்டிருக்கிறேன்.
ஹசங்க தலையில் கைவைத்துக் கத்துவான்:
"மனிசர் வாசிக்கத்தானே எழுதுறம்,
இந்தக் கோணல் அடைப்பெல்லாம் ஆருக்கு?"

இப்போது ஒரு ஹாஷ் போட்டால் தலைப்பு,
இரண்டு நட்சத்திரம் போட்டால் அழுத்தம்.
பிழையே வருவதில்லை.
என்ன எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறது,
எழுதாவிட்டாலும்.

கட்டாயம் என்ற சொல்லோடு
எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு.
தொண்ணூற்றெட்டில், லொட்ஜ் முதலாளி நீட்டிய
பொலிஸ் பதிவுப் படிவம்.
வந்த காரணம், கட்டாயம்.
போகும் தேதி, கட்டாயம்.
அப்பா அதில் ஒரு கோடு இழுத்தார்.
கோடு செல்லாது என்று திருப்பி வந்தது.
எனக்குப் பத்து வயது.
ஒரு தேதி நான்தான் எடுத்துக் கொடுத்தேன்,
என்னுடைய பிறந்தநாளை.
அது செல்லுபடியானது.

அதனால் கூட்டத்தில்
ஸ்கீமாவுக்காக நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் வரி 871.
வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் எழுதியது.
ஒவ்வொரு எச்சரிக்கைக்குள்ளும்
சிங்களம், குறைந்தது ஒன்று.
ஆங்கிலம், குறைந்தது ஒன்று.
தமிழ், குறைந்தது ஒன்று.

யாரிடமும் கேட்கவில்லை.
வர்த்தமானி இல்லை, சுற்றறிக்கை இல்லை,
மகஜரில் கையெழுத்து வாங்க அலையவில்லை.
பன்னிரண்டு வருடம்
தமிழ் இல்லாத ஒரு கையேடுகூட
இந்த மாடியை விட்டு இறங்கியதில்லை.
அவசரம் வந்தால் ஹசங்க
தமிழ்ப் பெட்டிக்குள் ஒரு முற்றுப்புள்ளி வைப்பான்.
காவலாளிக்கு அது போதும்.
நான் பிறகு போய் நிரப்புவேன்.
புள்ளி கிடந்ததால்தானே
இடம் இருந்ததே தெரிந்தது.

புதிய ஏற்பாட்டில் இரண்டு கோப்புறை.
மூன்றாவது ஓர் அட்டையில் இருக்கிறது:
"தமிழ், பிறகு."
வெளிர் சாம்பல் நிற அட்டை.
மற்ற அட்டைகள் வர வர அது
திரையின் அடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அழிக்கலாமா என்று ஒருமுறை கேட்டது.
அழித்தேன்.
ஆறு மணி ரயிலில் இருக்கைகூடக் கிடைத்தது.

திங்கள் காலை ஹசங்கவின் செய்தி,
தமிழில்.
"கயை எடு. சரியா?"
எங்கே தட்டி எடுத்தானோ,
இணைக்கொம்பு விழுந்துபோயிருந்தது.
ஸ்கீமா இருந்திருந்தாலும்
இதை உள்ளே விட்டிருக்கும்.

கொள்ளுப்பிட்டியில் இன்னும் சனம் ஏறியது.
இடப்பக்கம் கடல், வலப்பக்கம்
யாரோ ஒருவரின் சாப்பாட்டுப் பை.
ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு
மற்றக் கையால்
கை என்று தட்டினேன்.